தறிச்சத்தத்துக்கு மேல் என்ன வாசிப்பது?

பல்லடத்துக்காரன்:

வணக்கமுங்க. ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன், இதுதான் முதல் பதிவு. பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் மாடி ரூமில் ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்போன். நகைக்கடை விளம்பரம், கல்யாண வீடியோ, யூடியூப் சமையல் என்று மூட் மியூசிக் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கதைப்படத்துக்கு வாசிப்பது இப்போதுதான். 22 நிமிடக் குறும்படம்.

சொந்தமாக நாலு விசைத்தறி வைத்திருக்கிறவர், கூலி கட்டுப்படி ஆகாமல் தறிகளை எடைக்குப் போடுகிற கதை. நடுவில் ஒரு சீன், 3 நிமிடம் 40 நொடி. பழைய இரும்புக்கடைக்காரர் தறிக்குடோனுக்கு வந்து சுற்றிப் பார்க்கிறார். தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி விலை பேசுகிறார்கள். 2 நிமிடம் 17 நொடியில் தறிக்காரர் போய் மெயினை இறக்குகிறார். நாலு தறியும் நின்றுவிடும். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

டைரக்டர் எடிட்டிலேயே ஒரு வெளிநாட்டுப் பியானோ ட்ராக்கை டெம்ப்பாக, அதாவது இசை வரும்வரை தற்காலிகமாக, போட்டு வைத்திருக்கிறார். அதையே ஐம்பது தடவை கேட்டுப் பழகிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் மூன்று தடவை இசை அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், "ஃபீல் வரலை." என்ன ஃபீல் என்று கேட்டால், "வரலை, அவ்வளவுதான்."

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். என் வீட்டில் படத்தோடு சேர்த்துக் கேட்டால் நன்றாகத்தான் சேருகிறது. தறியின் அடியை எண்ணினேன், நிமிடத்துக்கு 132. அதில் பாதி, 66 என்று டெம்போ வைத்தேன். மோட்டார் இரைச்சலுக்கும் ஒரு சுருதி இருக்கிறது அல்லவா, அதைப் பிடித்து ஐந்தரைக் கட்டையில் சுபபந்துவராளி ராகம் வாசித்தேன். ஆனால் போன ஞாயிறு டைரக்டர் வீட்டுக்கே போய் அவர் சிஸ்டத்தில் கேட்டால் எங்கேயோ இடிக்கிறது. காய்ச்சல்காரன் எழுந்து உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. அதே ஃபைல்தான். தப்பு எங்கே?

ஆழியாற்றுத் தண்ணீர்:

பியானோ கேட்கிறவருக்குப் பியானோவைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்குங்க தம்பி. பொள்ளாச்சியில் 12 வருஷமாக வீடியோ எடிட் செய்து நான் கற்றது அதுதான்.

தறி நிற்கிற இடத்தில் அடி சரியாக விழ வேண்டும் என்றால் கணக்கு சுலபம். 2:17 என்றால் 137 நொடி. டெம்போ 63.07 வைத்தால் அதற்குள் 144 அடி. நாலு நாலாக 36 பார் முடிந்து, 37-வது தொடங்கும்போது மெயின் இறங்கும். சாஃப்ட்வேரில் புள்ளிக்கு அப்புறம் இரண்டு எண் தாராளமாகப் போடலாம்.

சுருதிப்பெட்டி:

ஏனுங்க பல்லடத்துக்காரரே, ஐந்தரைக் கட்டை என்பது ட்யூனர் வைத்துப் பார்த்ததா, காதுக் கணக்கா?

பல்லடத்துக்காரன்:

ட்யூனரிலும் பார்த்தேனுங்க. ஜி ஷார்ப்தான். முள் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறது, ஐந்தாறு சென்ட் (அரைக்கட்டையில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே இருக்கலாம்.

சுருதிப்பெட்டி:

அப்படியென்றால் தப்பு உங்கள் இசையில் இல்லை. உங்களுக்கு வந்த வீடியோவில் இருக்கிறது.

நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். மோட்டாரோ, ட்யூப்லைட் சோக்கோ, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரோ, இரைவது அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில். ஒவ்வொரு சுற்றிலும் கரண்டு அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை உச்சிக்குப் போகிறது. இரண்டு தடவையும் உள்ளே இருக்கிற இரும்பை இழுக்கிறது. பல்லடமானாலும் பவானியானாலும் இதுதான். கிரிட்டில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் காது கண்டுபிடிக்கிற அளவுக்கு இல்லை.

இப்போது கட்டைக்கு வாங்க. கீழே இருக்கிற ஐந்து கட்டை 98 ஹெர்ட்ஸ். ஐந்தரை 103.8. நூறு என்பது இரண்டுக்கும் நடுவில், ஐந்துக்கு 35 சென்ட் மேலே உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கீபோர்டிலும் அதற்குக் கட்டை கிடையாது. உங்கள் ட்யூனர் ஐந்தரைக்கும் கொஞ்சம் மேலே காட்டுகிறது என்றால் உங்களிடம் ஓடுகிற இரைச்சல் 104 ஹெர்ட்ஸ். நாலு சதவீதம் அதிகம்.

இந்த நாலு சதவீதம் எனக்குப் பழைய பகையாளி. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், நம் டிவி 25. இருபத்துநாலில் எடுத்ததை இருபத்தைந்தில் ஓட்டினால் படமும் ஒலியும் நாலு சதவீதம் வேகமாகும், சுருதி 70 சென்ட் ஏறும். எடிட் செய்தவர் உங்களுக்குக் காப்பி எடுக்கும்போது 25-ல் எடுத்துவிட்டார். நீங்கள் ஏறிப்போன மோட்டாருக்குச் சுருதி சேர்த்து வாசித்திருக்கிறீர்கள். டைரக்டர் வீட்டில் மோட்டார் 100-ல் ஓடுகிறது, உங்கள் ஆதார சட்ஜம் 103.8. இரண்டும் மோதி நொடிக்கு நாலு தடவை அலை அடிக்கும். உங்கள் காய்ச்சல்காரனுக்கு நடுக்கம் வருவது அங்கேதான்.

டைரக்டரைக் கூப்பிட்டு அந்த சீன் அவர் டைம்லைனில் எவ்வளவு நீளம் என்று மட்டும் கேளுங்க. 3:49 என்று சொல்வார்.

பல்லடத்துக்காரன்:

3:49.

ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேனுங்க. மூன்று வாரம்! மெயின் இறங்குவது அவரிடம் 2:22-ஐயும் தாண்டி வருகிறது. அதாவது என் இசை ஆறு நொடி முந்திக்கொண்டது. மனுஷன் இன்னும் சுவிட்சுப் பக்கம் திரும்பவே இல்லை, வயலின் துக்கம் விசாரித்து முடித்துவிட்டது. தறியின் அடியும் 132 இல்லை, 127 பக்கம். நடிகர்கள் குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. கத்திப் பேசுவதால் அப்படி என்று நினைத்தேன்.

டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னால், "அதான் ஃபீல் வரலைன்னு சொன்னேனே" என்கிறார்.

ஆழியாற்றுத் தண்ணீர்:

என் 63.07-ஐ அழித்துவிடுங்க.

சுருதிப்பெட்டி:

டைரக்டரைத் திட்டாதீங்க. அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, சொல்ல வார்த்தை இல்லை, அவ்வளவுதான். இனிமேல் யாரிடம் படம் வாங்கினாலும் நம்பர் ஓடுகிற காப்பியாக வாங்குங்க. மூலையில் நிமிடம், நொடி, ஃபிரேம் என்று ஓடுகிற டைம்கோடு படத்தோடு பதிந்திருக்க வேண்டும். எத்தனை ஃபிரேம் என்று எழுத்தில் கேளுங்க. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். சிடிக்குப் போடுகிற 44.1-ல் கொடுத்தால் அங்கே யாராவது தப்பாக இழுத்துவிட்டு உங்களைக் குறை சொல்வார்கள்.

சரி, இனி வாசிப்பதைப் பற்றி. கீபோர்டின் மொத்தச் சுருதியையும் நகர்த்துகிற மாஸ்டர் ட்யூனிங் 440-ல் இருக்கும். அதை 449 ஆக்கிவிட்டு ஐந்து கட்டையில் வாசித்தால் சட்ஜம் மோட்டார் மேலேயே உட்காரும். தறிக்குடோனே உங்களுக்குத் தம்புரா.

அடிக்கு அடி சேர்ப்பதை விட்டுவிடுங்க. நாலு தறிக்கும் நாலு மோட்டார், நாலு பெல்ட். ஒன்று 125, இன்னொன்று 128 என்று ஓடும். கொஞ்ச நேரம் சேர்ந்த மாதிரி வந்து பிரிந்துபோகும். அது மேல் நீங்கள் ஒரே சீராக டெம்போ கட்டினால் ஐந்தாவது தறி ஒன்று ஓடுகிற மாதிரிதான் இருக்கும். தறி ஓடும்வரை தாளமே வேண்டாம். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், வருவதே தெரியாமல் வரட்டும். பேச்சு இருக்கிற இடத்தில் வயலினை மேலே ஏற்றாதீங்க. பேச்சில் மெய்யெழுத்தைப் புரியவைக்கிற இடம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. வயலின் உரசலும் அங்கேதான் பளபளக்கும். தறிச்சத்தமே அந்த இடத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

மெயின் இறங்கியதும் மோட்டார் நிற்கும். நீங்கள் நிற்காதீங்க. அதே சுருதியில் தம்புரா ஒரு ஏழெட்டு நொடி தனியாக ஓடட்டும். கேட்கிறவன் மோட்டார் நின்றதைப் பார்க்கிறான், காது இன்னும் நிற்கவில்லை.

சீரியல் சவுண்டு:

கோபிதான் எனக்கும் சொந்த ஊர், இப்போது சென்னையில் சீரியலுக்கு ஒலி சேர்க்கிறேன். சுருதிப்பெட்டி அண்ணா சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தை எதில் பார்க்கப்போகிறார்கள்? ஃபோனில். ஃபோன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் வரவே வராது. அண்ணனுடைய ஏழெட்டு நொடி தம்புரா அங்கே வெறும் மௌனம். பார்க்கிறவர் நெட் போய்விட்டது என்று ஃபோனைத் தட்டுவார். 200, 400, 800 என்று மேல் ஸ்தாயிகளையும் மெலிதாக அடுக்குங்க தம்பி.

இன்னொன்று. இங்கே சீரியல் இசை என்றால் எல்லோருக்கும் இளக்காரம். முகத்தை மூன்று தடவை காட்டி மூன்று தடவை டமார் என்று அடிப்பதைச் சொல்வீர்கள். சரி, அடிக்கிறோம். ஏன் என்று கேளுங்க. எங்கள் ஆட்கள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பதில்லை. எங்க அம்மா அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டு கேட்கிறார். மாமியார் ஏதோ திட்டம் போடுகிறாள் என்பதை இசைதான் அவரிடம் போய்ச் சொல்கிறது. டமார் என்றால் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். நாங்கள் வாசிப்பது கண்ணுக்கு அல்ல, முதுகுக்கு.

தினமும் ஒரு எபிசோட் போக வேண்டிய இடத்தில் சீனுக்குச் சீன் புதிதாக வாசிக்க யாருக்கு நேரம்? இசையமைப்பாளர் தொடக்கத்திலேயே ஒரு மூட்டை துண்டுகள் கொடுத்துவிடுவார். சோகம், லேசான சோகம், சதி, அசட்டுச் சிரிப்பு, பூஜை. ஃபைலுக்குப் பெயரே அப்படித்தான் இருக்கும். எங்களிடம் ஒன்று "மாப்பிள்ளை திருதிரு" என்று இருக்கிறது. நீங்கள் மூட் மியூசிக் செய்கிறவர் என்பதால் சொல்கிறேன், எங்களுக்கு உபயோகப்படுகிற துண்டு எப்படி இருக்கும் தெரியுமா? நாலு பாருக்கு ஒரு தடவை வெட்டுவதற்கு இடம் இருக்கும். நடுவில் சுருதி மாறாது. மெலடி இல்லாமல் ஒரு வடிவம், தாளம் இல்லாமல் ஒரு வடிவம், கடைசி அடி மட்டும் தனியாக. ஒரு நல்ல சோகத் துண்டு அப்படிப் பிரித்து வந்தால் ஒரு வருஷம் ஓட்டுவோம். மெலடி ரொம்ப நன்றாக இருந்தால்தான் சிக்கல். மூன்றாவது நாளே "இது அன்னைக்குக் கேட்டது" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பல்லடத்துக்காரன்:

அக்கா, "மாப்பிள்ளை திருதிரு" கேட்க வேண்டும் போல இருக்கிறது.

நொய்யலோரம்:

நான் பழைய ஆள், இந்தச் சென்ட் கணக்கெல்லாம் பேரன் படித்துச் சொன்னால்தான் புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல ஆசை. இதையெல்லாம் சென்னையிலிருந்து கற்கிறோம் என்று நினைக்கிறீர்கள். சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா என்று கோயமுத்தூரிலேயே ஸ்டுடியோக்கள் ஓடிய காலம் ஒன்று இருந்தது. எம்.எஸ். விஸ்வநாதன் ஆபீஸ் பையனாக எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் தொழில் கற்றது இந்த ஊரில்தான்.

ஃபிலிம் காலத்தில் நீளக் கணக்கை அடியில் வைப்பார்கள். 35 எம்எம்மில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் என்றால் 11 நிமிடம். ரீல் ஒன்றுதான், அது 24-ல்தான் ஓடும். உங்களுக்கு நடந்த கூத்து எங்களுக்கு நடக்க வழியே இல்லை. வேறு கூத்து நடக்கும், அது வேறு கதை.

பல்லடத்துக்காரன்:

இன்னொரு பஞ்சாயத்து வந்திருக்கிறது. கடைசி ஷாட்டில் தறிகள் லாரியில் ஏறிப் போகின்றன. அங்கே உடுக்கை வேண்டும் என்கிறார் டைரக்டர். "கொங்குன்னா உடுக்கைதானே, மண்வாசனை வரும்." என்னிடம் உடுக்கை சாம்பிள் ஒரு செட் இருக்கிறது. நாலு அடி வைத்துப் பார்த்தேன், பேய்ப்படம் மாதிரி ஆகிவிட்டது.

காங்கேயத்து உடுக்கை:

ஆகத்தான் செய்யும். சினிமா அதைப் பேயோட்டுகிறவன் கையில் கொடுத்தே பழக்கிவிட்டது.

எங்கள் பக்கம் உடுக்கை என்றால் அண்ணன்மார் கதை. உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். 1965-ல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் அதை டேப்பில் பதிவு செய்தார். கதையை வசனமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள், மனசு தாங்காத இடம் வந்தால் பேச்சு பாட்டாக மாறும். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுகிற இடத்தில் எங்க ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். பயத்தில் இல்லை. பெற்ற பிள்ளை போன மாதிரி.

உங்கள் சாம்பிளில் அது ஏன் வராது என்றால், உடுக்கை அடிக்கிற கருவி மட்டும் இல்லை, அமுக்குகிற கருவி. உடுக்கையின் இடுப்பில் ஓடுகிற கயிற்றை இடது கை இறுக்க இறுக்கத் தோல் விறைக்கும், நாதம் ஏறும். விட்டால் இறங்கும். ஒரே அடிக்குள் ஏறி இறங்கும். ஒவ்வொரு அடியாகப் பதிவு செய்து கட்டைக்குக் கட்டை ஒட்டி வைத்தால் செத்த உடுக்கைதான் கிடைக்கும். வேண்டும் என்றால் வாசிக்கிறவரைக் கூட்டி வந்து படத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்க. அதற்கு உண்டான பணத்தையும் கொடுங்க, சாப்பாடு போட்டு அனுப்பாதீங்க.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் கதையில் யாராவது உடுக்கையைத் தொடுகிறார்களா? தறிக்காரர் அண்ணன்மார் கோயிலுக்குப் போகிறாரா? இல்லை என்றால் எதற்கு?

ஆழியாற்றுத் தண்ணீர்:

அண்ணா, டைரக்டர் மண்வாசனை கேட்டால் என்ன தப்பு? பொள்ளாச்சியில் எடுத்த எத்தனை படத்தில் தென்னந்தோப்பைக் காட்டினதும் புல்லாங்குழல் வந்திருக்கிறது. ஜனங்களுக்குப் பிடித்துத்தானே இருந்தது.

காங்கேயத்து உடுக்கை:

பிடிக்கும். அதனால்தான் இப்போது தோப்பில் தேங்காய் விழுந்தாலே புல்லாங்குழல் கேட்கிறது. நான் தப்பு என்று சொல்லவில்லை கண்ணு, அலுப்பாக இருக்கிறது என்கிறேன்.

கருவூரான்:

பேச்சோடு பேச்சாக ஒன்று. அக்ரிமென்ட் எழுதினீர்களா? குறும்படம்தானே என்று விடாதீங்க. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, படத்துக்கு இசை போட்டவருடைய ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்துவிட்டார்கள். தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் அது பொருந்தாது. மற்றபடி எங்கே எப்படி ஓடினாலும் பாதிக்குப் பாதி உண்டு. "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பாதி உங்களை விட்டுப் போகாது. பணம் வருமா என்பது தனி. வர வேண்டும் என்றால் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி, எந்தத் துண்டு எத்தனை நொடி என்று க்யூ ஷீட் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு பக்கத்தை எழுதச் சோம்பல்படுகிறார்கள்.

பல்லடத்துக்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கணும், ஆடிட் வந்துவிட்டது.

உடுக்கையை விட்டுவிட்டோம். காங்கேயத்து அண்ணன் கேட்ட கேள்வியை அப்படியே டைரக்டரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லைதான்" என்றார். லாரி ஷாட்டில் லாரிச் சத்தம் மட்டும்.

தறி சீன் இப்படி வந்திருக்கிறது. 449, ஐந்து கட்டை. முதல் இரண்டு நிமிடம் சட்ஜம், பஞ்சமம், வேறு ஒன்றும் கிடையாது. அதை இசை என்று டைரக்டருக்கு நம்பவைக்கத்தான் நேரம் ஆனது. "நீ இன்னும் ஆரம்பிக்கலையே" என்றார். மெயின் இறங்கியதும் தம்புரா. ஏழு நொடி என்று அண்ணன் சொன்னார், நான் பதினொன்று விட்டேன். சீரியல் அக்கா சொன்ன மாதிரி மேல் ஸ்தாயிகளை அடுக்கி ஃபோனிலும் போட்டுப் பார்த்தேன், கேட்கிறது. சுபபந்துவராளியிலிருந்து அந்தச் சின்னக் காந்தாரம் மட்டும் ஒரே ஒரு தடவை வருகிறது. அவர் தறியின் மேல் கிடக்கிற பஞ்சைத் துடைக்கிறாரே, அங்கே. சுருதிப்பெட்டி அண்ணனுக்கு அது அதிகமாகப் படலாம். என்னால் விட முடியவில்லை.

டைரக்டர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். ஃபீல் வந்ததா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டெம்ப் ட்ராக்கை டைம்லைனிலிருந்து அழித்தார்.

நேற்று ராத்திரி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முப்பது வருஷம் தறி ஓட்டினவர், இப்போது வலது காது கொஞ்சம் மந்தம். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். முடிந்ததும், "மூணாவது தறியில பிக்கர் தேஞ்சிருக்குது. அதை மாத்தாமயே ஓட்டிருக்கானுக" என்றார். இசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுருதிப்பெட்டி:

மிக்ஸ் செய்கிறவர் அந்த மூன்றாவது தறிச் சத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புவார். விடாதீங்க.

பல்லடத்துக்காரன்:

ஏற்கெனவே கேட்டாருங்க. தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.